டயர் கடை மாடியும் உலகத்து எழுத்துகளும்

உலகத்தில் மனிதர்கள் எழுதுகிற எழுத்து வகைகள் எத்தனை உண்டோ, அத்தனையும் என் சம்பந்தியம்மாவின் வாசலில் வந்து கைகட்டி நின்றிருக்கின்றன. சரி, கொஞ்சம் கூடிப்போய்விட்டது. வாசல் இல்லை, அலுவலகத்துச் சுவர். அத்தனையும் இல்லை, பெரும்பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். கைகட்டி நின்றதை மட்டும் குறைத்துக்கொள்ள மாட்டேன். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

சம்பந்தியம்மா என்று நான் சொல்வது என் மகளின் மாமியாரை. நகரத்து ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிறவர். ஆள் என் தோள் உயரம்தான், சிரித்தால் மூன்றாவது தெருவில் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கண்ணாடி மூன்று வைத்திருக்கிறார்: படிக்க ஒன்று, திரை பார்க்க ஒன்று, அந்த இரண்டையும் தேட ஒன்று. காரை நிறுத்தினால் இரண்டு கார் இடத்தில் நிறுத்துவார். கேட்டால், வண்டிக்கும் மூச்சு விட இடம் வேண்டாமா என்பார்.

மின்சார அலுவலகத்தில் பில் விவரங்களைத் தட்டச்சு செய்கிற வேலையில் சேர்ந்தவர் அவர். மாலையில் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் மகன் வாய்ப்பாடு எழுதுவான், எதிர்ப்பக்கம் அம்மா கம்ப்யூட்டர் படிப்புக்குப் படிப்பார். இருவருக்கும் ஒரே அழிரப்பர். அதற்காக நடந்த சண்டைகளை என் மாப்பிள்ளை இன்றும் ஆதாரத்தோடு சொல்வார், நெற்றியில் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. அப்படிப் படித்துத் தேறி வந்தவருக்கு ஒரு குணம் ஊறிப்போயிருந்தது. எதைப் பற்றியும் அடுத்தவர் வாயால் கேட்டுத் திருப்தியடைய மாட்டார். அதனிடமே கேட்பார்.

கல்யாணப் பேச்சுக்கு வந்த அன்றே அதைத் தெரிந்துகொண்டேன். என் மகள் சமையலில் கெட்டிக்காரி என்று வாய் கூசாமல் சொன்னேன். பெண்ணைப் பெற்றவள் பின்னே என்ன சொல்வாள்? சம்பந்தியம்மா என்னைப் பார்த்துப் புன்னகை செய்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"உனக்கு என்னென்ன செய்யத் தெரியும்மா?"

"வெந்நீர், முட்டை அவிக்கறது."

"ரெண்டும் நல்லா வருமா?"

"வெந்நீர் நல்லா வரும், ஆன்ட்டி."

அவர் சிரித்த சிரிப்பில் கூடத்து மின்விசிறி ஒரு சுற்று தப்பிச் சுற்றியது. நிச்சயமும் அன்றே ஆயிற்று.

அவருடைய அலுவலகத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறவர்கள் முகவரி சொல்ல மாட்டார்கள். பதற்றத்தில் சொந்த வீட்டுக் கதவு எண்ணே மறந்துவிடும். ஆகவே அங்கே போன் எடுக்கிற பெண்கள், ஒரு வீட்டைப் பற்றி ஒருமுறை தெரிந்துகொண்டதை அந்த வீட்டுப் போன் எண்ணுக்குப் பக்கத்தில் நம் மொழியிலேயே தட்டி வைத்துவிடுவார்கள். அடுத்த முறை அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் குறிப்பு தானாகத் திரையில் வந்து நிற்கும். 'நீல கேட் இல்லை, அதற்கு எதிர் கேட்.' 'லிஃப்ட் நாலாவது மாடியில் நிற்காது, ஐந்துக்குப் போய் இறங்கி வரவும்.' 'மாமியாரும் மருமகளும் மாறி மாறிப் பேசுவார்கள், மருமகள் சொல்கிற வழிதான் சரி.' பல வருஷமாக, வந்தவர்களும் போனவர்களுமாக எழுதிச் சேர்த்தது. ஒரு நகரம் தன்னைப் பற்றி இவ்வளவு உண்மையாக வேறெங்கும் எழுதி வைத்திருக்காது.

அதில் ஒன்று கீச்சுக்குரல் எழுதியது. அந்த அறையில் மூத்த ஆபரேட்டருக்கு அதுதான் பெயர். காரணம் நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருநாள் அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. பேச்சே இல்லை. குழந்தைகள் விளையாடுகிறார்கள் என்று வைக்கப் போனவர் காதில் டொக், டொக் என்று விரல் முட்டியால் மேசையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. தட்டல் நிற்கவே இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று வண்டியை அனுப்பினார். டயர் கடை மாடியில் ஒரு வயதான அம்மா மாரடைத்துக் கிடந்தார். போன் செய்தது அவருடைய மகன், பிறவியிலேயே பேச வராதவர். அந்த அம்மா பிழைத்தார். கீச்சுக்குரல் அன்றே எழுதி வைத்தார்: 'முன்படி இடிந்துவிட்டது, கடைக்குள் புகுந்து பின்படி. அம்மாவுக்கு இதய நோய். மகனுக்குப் பேச வராது. போனில் சத்தம் இருக்காது. வைத்துவிடாதீர்கள். வண்டி அனுப்புங்கள்.'

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பழைய கம்ப்யூட்டர் தள்ளாடிக்கொண்டிருந்ததால் புதிய டேட்டாபேஸ் வாங்கினார்கள். விற்ற நிறுவனத்திலிருந்து ஒரு பையன் வந்து உட்கார்ந்தான். பையன் என்றால் எனக்குப் பையன், அவனுக்கே காலேஜ் போகிற மகள் உண்டு. எந்த வெயிலிலும் டை கட்டியிருந்ததால் அவனுக்கு டை என்று பெயராகிவிட்டது. அதே சமயம் கட்டுப்பாட்டு அறைத் தலைவர் ஒரு விதியும் போட்டிருந்தார். சத்தமில்லாத அழைப்புகள் பெருகி, நிஜமான நோயாளிகளுக்கு லைன் கிடைக்கவில்லை, ஆகவே பேச்சில்லாத அழைப்பை உடனே வைத்துவிட வேண்டும், குறிப்பு வேறு மாதிரி சொன்னாலொழிய. விதியில் தப்பில்லை. ஆனால் டயர் கடை மாடியில் இருக்கிற அம்மாவின் உயிர் இனி அந்தச் சில வரிகளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று காலை சம்பந்தியம்மா என்னைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தார். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் கிட்டத்தில் இருப்பது எதுவும் எனக்குப் புலப்படவில்லை, தூரத்தில் இருப்பது நன்றாகத் தெரிந்தது. திரும்புகிற வழியில் அவருக்குப் போன். குறிப்புகளைப் புதிய டேட்டாபேஸுக்குச் சோதனையாக மாற்றிப் பார்த்திருக்கிறார்கள், ஏதோ ஆகிவிட்டது, உடனே வர வேண்டும். என்னையும் சேர்த்துக் கொண்டுபோனார். காவலாளி என் கழுத்தில் 'விருந்தினர்' அட்டையை மாட்டி ஒரு மூலை நாற்காலியில் உட்கார வைத்தார்.

எதிர்ச்சுவர் முழுக்கத் திரை. அதில் டயர் கடைக் குறிப்பு இருக்க வேண்டிய இடத்தில், தலையில் தொப்பி வைத்த அயல்நாட்டு எழுத்துகள், பவுண்டு குறிகள், தலைகீழாக நிற்கும் கேள்விக்குறிகள். பிசாசு தும்மினாற்போல இருந்தது. கீச்சுக்குரல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலைவர் பொறுமையான மனிதர், இருந்தாலும் மாதக் கடைசியில் பழைய கம்ப்யூட்டரை அணைத்தாக வேண்டும். குறிப்புகளை விட்டுவிட்டு மற்றதை மட்டும் கொண்டுபோகலாம், ஆபரேட்டர்கள் மறுபடி கேட்டு எழுதிக்கொள்ளட்டும் என்றார்.

"டயர் கடை மாடியில எப்படி சார் கேக்கறது?" என்றார் கீச்சுக்குரல். "பேச வராதுன்னுதானே எழுதி வெச்சேன்."

"அது உங்களுக்கு ஞாபகம் இருக்கே. திரும்ப அடிச்சிடுங்க."

"நான் எழுதினது எனக்குத் தெரியும் சார். வேலையை விட்டுப் போனவங்க எந்தெந்த வீட்டுக்கு எழுதினாங்கன்னு யாருக்குத் தெரியும்? இன்னும் எத்தனை வீட்ல பேச முடியாதவங்க இருக்காங்களோ."

சம்பந்தியம்மா திரைக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். போன் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ரிசீவரைப் பொத்திக்கொண்டார்கள்.

"அக்கா, சிரிக்கற நேரமா இது?" என்றார் கீச்சுக்குரல்.

"அழாதடி. குப்பையாத்தானே வந்திருக்கு, வெறும் கேள்விக்குறியா வரலையே. வரிசையா கேள்விக்குறி வந்திருந்தா எழுத்து செத்துப்போச்சுன்னு அர்த்தம், நானும் உன்கூட உக்காந்து அழணும். இது சாகலை. வேஷம் போட்டுக்கிட்டு நிக்குது."

பிறகு எனக்காகவும் தலைவருக்காகவும் விளக்கினார். அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்கு எழுத்தே தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். எந்த எண் வந்தால் எந்த எழுத்தைக் காட்ட வேண்டும் என்பது மனிதர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம். அதற்குத்தான் என்கோடிங் என்று பெயர். இப்போது உலகத்துக்கே பொதுவாக யூனிகோட் என்று ஓர் ஒப்பந்தம் இருக்கிறது, அதில் நம் எழுத்துகளுக்கும் தனித்தனி எண் உண்டு. ஆனால் பழைய கம்ப்யூட்டர் வந்த காலத்தில் நம் அலுவலகத்தில் அதெல்லாம் இல்லை. பக்கத்துத் தெரு அச்சகக்காரர் ஒருவர் தன் தொழிலுக்காகச் செய்த எழுத்துருவை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். ஐரோப்பிய எழுத்துகளுக்குரிய எண்களின் மேல் அவர் நம் எழுத்துப் படங்களை ஒட்டியிருந்தார். பழைய டேட்டாபேஸ் இத்தனை வருஷமும் தன்னிடம் இருப்பது ஐரோப்பிய எழுத்து என்றே நம்பிக்கொண்டிருந்தது. புதியதிடமும் அதையே சொல்லிக் கொடுத்திருக்கிறது, அதுவும் கண்ணியமாக அப்படியே காட்டியிருக்கிறது.

டை தைரியமூட்டினான். "எங்க சிஸ்டம் எல்லா மொழியையும் சப்போர்ட் பண்ணும், மேடம்."

"எல்லாம்னா எது எது?"

"எல்லாம்தான் மேடம். விளம்பரப் புத்தகத்துலயே போட்டிருக்கு."

"கோச்சுக்காதீங்க தம்பி. இவனையே கேட்டுடறேன்."

இவன் என்றது டேட்டாபேஸை. உனக்கு எந்தெந்த எழுத்து ஒப்பந்தங்கள் தெரியும் என்று அவன் பாஷையில் ஒரே ஒரு வரி தட்டினார். 'சட்'டென்று சுவர் நிரம்பிவிட்டது.

நான் பொய்யும் புரட்டுமாக நிறையச் சொல்லியிருக்கிறேன், இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை. வரிசையாக நின்றன. மேற்கு ஐரோப்பாவுக்கு ஒன்று, நடு ஐரோப்பாவுக்கு இன்னொன்று, கிரேக்கம், ஹீப்ரு, அரபி, ரஷ்யன், அதிலேயே இரண்டு மூன்று பிரிவு. ஆர்மீனியனுக்குத் தனியாக, ஜார்ஜியனுக்குத் தனியாக. தாய். கொரியன். ஜப்பானியருக்குச் சில, சீனருக்குச் சில. என்றோ மூடிப்போன ஒரு கம்ப்யூட்டர் நிறுவனத்தின் இயந்திரங்களுக்கென்று மட்டும் ஒன்று. ஸ்வீடன்காரர்கள் இடம் போதாத காலத்தில் அடைப்புக்குறிகளை எழுப்பிவிட்டு அந்த நாற்காலிகளில் தங்கள் எழுத்துகளை உட்கார வைத்தார்களாம், அதற்கும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சின்ன எண், ஓர் எழுத்துக்கு அதிகபட்சம் எத்தனை இடம் தேவை என்று. நம்மைப் போலத்தான் எங்கோ ஓர் அறையில் சிலர் உட்கார்ந்து, தங்கள் தாத்தா பாட்டி எழுதிய எழுத்தில் ஒன்று விடாமல் எண் கொடுத்து முடித்திருக்கிறார்கள். அவற்றில் பாதியை இனி யாரும் கேட்கப் போவதில்லை. இருந்தாலும் ஒருவேளை யாராவது பழைய சரக்கோடு வந்துவிட்டால் என்று இவன் அத்தனையையும் நினைவில் வைத்துக்கொண்டிருக்கிறான்.

டை மெதுவாகத் தன் போனை எடுத்துச் சுவரைப் படம் பிடித்தான். "இத்தனை எடத்துல இதை நிறுவியிருக்கேன் மேடம். ஒருதடவைகூட இவன்கிட்ட கேட்டுப் பாத்ததில்லை."

"இன்னொண்ணு காட்டறேன், சம்பந்தி, நல்லாப் பாருங்க" என்று சம்பந்தியம்மா இருநூற்று இருபத்தைந்து என்ற ஒரே எண்ணைக் கொடுத்து, இதை ஒவ்வோர் ஒப்பந்தப்படியும் படி என்றார். ஐரோப்பிய ஒப்பந்தத்தில் அது மேலே ஒரு கோடு போட்ட ஆங்கில 'ஏ' ஆயிற்று. கிரேக்கத்தில் ஆல்ஃபா. ரஷ்யனில் 'ப'. ஹீப்ருவில் இரண்டாம் எழுத்து. தாய் மொழியில், நம் கொம்பைப் போல மெய்யெழுத்துக்கு முன்னால் வந்து நிற்கிற ஓர் உயிர்க்குறி. எண் அதேதான், அசையவில்லை. ஆள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தார். எனக்குக் கைரோமம் சிலிர்த்தது. கண் மருந்தினால் சிலிர்க்காது என்று டாக்டரிடமே பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"நம்ம அச்சகக்காரர் அந்த எண்ணுல என்ன வெச்சிருக்கார், அக்கா?" என்றார் கீச்சுக்குரல்.

"ழ."

பிறகு சம்பந்தியம்மா வரிசையை மேலிருந்து கீழ்வரை மறுபடி நிதானமாகப் பார்த்தார். அச்சகக்காரரின் ஒப்பந்தம் அதில் இல்லை. எப்படி இருக்கும்? உலகத்தில் அதைத் தெரிந்த டேட்டாபேஸ் ஒன்றுமே கிடையாது. தலைவர் பெருமூச்சு விட்டார். கீச்சுக்குரலின் முகம் மறுபடி இருண்டது. சம்பந்தியம்மாவும் முதல் தடவையாகச் சிரிப்பில்லாமல் நாற்காலியில் சாய்ந்தார்.

கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்த டைதான் தலையை நிமிர்த்தினான். "மேடம், இடம் விட்டு வெச்சிருக்காங்க. நம்ம ஒப்பந்தத்தை நாமளே எழுதிக் கொடுத்தா வரிசையில சேத்துக்குவானாம். கட்டம் கட்டமா ஒரு கோப்பு, ஒவ்வொரு கட்டத்துக்கும் எந்த எழுத்துன்னு சொல்லணும்."

சம்பந்தியம்மா கையேட்டை வாங்கித் தேடும் கண்ணாடி, படிக்கும் கண்ணாடி இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் படித்தார். இதைச் செய்தவர்கள் நம் தெருவையோ நம் அச்சகத்தையோ கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். நாம் வருவோம் என்றும் தெரியாது. தெரியாமலே கதவைத் தாழிடாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "யாரு பெத்த பிள்ளைங்களோ" என்றார் அவர். அந்தப் பக்கத்தில் ஒரு காகிதத்தை அடையாளம் வைத்தார்.

அடுத்து வந்த நாட்களில் கீச்சுக்குரல் பழைய கம்ப்யூட்டரில் ஒவ்வோர் எண்ணாகத் தட்ட, என்ன எழுத்து வருகிறது என்று பார்த்துக் கட்டத்தை நிரப்பினார்கள். புரியாத இடத்தில் அச்சகக்காரரையே போனில் பிடித்தார்கள். எந்த முறையில் எழுத்துகளை வைத்தீர்கள் என்று கேட்டதற்கு, "முறை என்னம்மா முறை, எங்க எடம் இருந்துச்சோ அங்க உக்கார வெச்சேன்" என்றாராம். அவர் 'கு', 'சு' போன்றவற்றை ஒரே படமாக வரைந்திருந்தார். யூனிகோடில் அவை எழுத்தும் உகரக்குறியுமாக இரண்டிரண்டு எண்கள். இவனோ ஒரு கட்டத்துக்குள் ஓர் எண்ணுக்கு மேல் வைக்க விடமாட்டேன் என்றான். யூனிகோடில் யாருக்கும் பட்டா போடாத காலி மனைகள் இருக்கின்றனவாம், 'கு', 'சு' வகையைத் தற்காலிகமாக அங்கே குடிவைத்து, கடைசியில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் நிரலால் அதனதன் இடத்துக்கு மாற்றினார்கள். யூனிகோடில் கொம்பு எழுத்துக்குப் பின்னால்தான் வர வேண்டுமாம், முன்னால் நின்ற கொம்புகளையும் அதே நிரல் பின்னால் நகர்த்தியது.

எல்லாம் தயாரானதும் மறுபடி சுவரில் அதே கேள்வி. அதே வரிசை. இந்த முறை கடைசியில் ஒரு புதுப் பெயர். கிரேக்கம், ஹீப்ரு, தாய், கொரியன் எல்லோரோடும் தோளுரசிக்கொண்டு 'டயர்கடை' என்று ஓர் ஒப்பந்தம். பெயர் வைத்தது சம்பந்தியம்மாதான். தலைவர், கொஞ்சம் கௌரவமாக வைத்திருக்கலாமே என்றார். வைத்தாயிற்று சார் என்றார் இவர்.

குறிப்புகளை மாற்றியது ஒரு ஞாயிறு மத்தியானம். முதலில் சம்பந்தியம்மா ஐரோப்பிய எழுத்து என்ற முத்திரையைக் கிழித்து வெறும் எண்களாக்கினார். அந்த எண்களை 'டயர்கடை' ஒப்பந்தப்படி படி என்றார். படித்ததை யூனிகோடில் எழுது என்றார். அவர் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க வந்த சாக்கில் அன்றும் நான் மூலை நாற்காலியில் இருந்தேன். நீல கேட் வந்தது. நாலாவது மாடி லிஃப்ட் வந்தது. மருமகள் சொல்கிற வழி வந்தது. ஊரே வேஷம் கலைத்துவிட்டுச் சொந்த முகத்தோடு சுவரில் ஏறி நின்றது. கடைசியில் டயர் கடை மாடியும் வந்தது, பின்படியும் வந்தது, வைத்துவிடாதீர்கள் என்பதும் வந்தது.

அந்த நிமிஷத்திலேயே போன் அடித்தது. கீச்சுக்குரல் எடுத்தார். பேச்சில்லை. வைக்க வேண்டியதுதான் விதி. ஆனால் திரையில் குறிப்பு வந்து நின்றது, ஒவ்வோர் எழுத்தும் பளிச்சென்று. "வைக்காதீங்கய்யா, வண்டி கிளம்பிடுச்சு, பின்படியில ஏறி வராங்க" என்று அவர் அந்த மௌனத்தோடு பேசினார். மறுமுனையில் டொக் என்று ஒரே ஒரு தட்டல். வண்டி ஆட்கள் டயர் கடைக்குள் புகுந்து போய், அந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்து பிழைக்க வைத்துவிட்டார்கள்.

இவ்வளவையும் எழுதி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். சரியான கண்ணாடியைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அழிரப்பர் சண்டைக்குச் சிரித்தார். அச்சகக்காரருக்கும் சிரித்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் சிரிக்கவில்லை.

"மத்ததெல்லாம் சரி, சம்பந்தி. ஆனா அந்தப் போன் அன்னைக்கு வரலை. அதுக்கப்புறமும் வரலை. அந்தம்மா நல்லாத்தான் இருக்காங்க, போன வாரம்கூட டயர் கடைக்காரரைக் கேட்டேன். குறிப்பு தயாரா இருக்கு, அவ்வளவுதான். அந்த வண்டியை மட்டும் அழிச்சிடுங்க."